போதைப்பொருள் விலக்கும் தனிமனித சுதந்திரமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே கொட்டியாரக்குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை வந்து கலக்கும் அக்குடாவின் கரையிலே அமைந்த பழம்பதி மூதூர். புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பழுது பார்ப்பதற்காக இக்குடாவில் வந்து தங்கியது. 1660ஆம் ஆண்டில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், மாலுமிகள் சிலரையும் சிறைபிடித்துச் சென்றனர். பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1679இல், இளைய நொக்ஸ் தப்பியோடி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். அவர் இங்கிருந்து கொண்டு சென்ற வேறோர் அனுபவத்தை அறிந்தோர் சிலரே.

குளங்களிற் கலங்கிக் கிடந்த நீரைப் பருகி நோயுற்ற நொக்ஸும் அவர் தோழரும், நாட்டு மக்கள் கூறியவாறு கஞ்சா இலையை மருந்தாக உண்டு வந்தனர். இலண்டன் திரும்பிய நொக்ஸ் இதனைத் தம் நண்பராகிய விஞ்ஞானி றொபேட் ஹூக்கிடம் கூறினார். ஹூக் 1689ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி றோயல் சங்கத்தில் அவ்விலையைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அது மனிதனை மயக்குவதையும் மருந்தாகப் பயன்படக்கூடும் என்பதையும் அவர் ஒருங்கே எடுத்துரைத்தார். அன்று ஆராய்ச்சிப் பொருளாயிருந்த அதே இலையை இன்று அனுமதியின்றி வைத்திருப்பவன் குற்றவாளி. இலை மாறவில்லை, சட்டமே மாறியது. அம்மாற்றம் நியாயமானதா என்பதும், அதற்கு எல்லை யாது என்பதும் ஆராயத்தக்கன.

பிரித்தானியர் ஆட்சியிலே அபின், உரிமம் பெற்ற கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டது. அரசாங்கத்துக்கு அதனால் வருமானமும் கிடைத்தது. பொதுமக்களின் கண்டனம் வலுத்தபின்னரே கட்டுப்பாடுகள் இறுகின. 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அபினும் கஞ்சாவும் சுதேச வைத்தியத்திலிருந்து முற்றாக நீங்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களுக்கு அவற்றைக் கட்டுப்பாட்டுடன் வழங்க இடமளித்தது. பின்னர் ஹெரோயின் பரவியது. 1984இல் செய்யப்பட்ட திருத்தம், இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ‘ஐஸ்’ எனப்படும் பொருளுக்கும் அத்தகைய கடுந்தண்டனையை விரித்தது.

இத்தகைய விலக்கை எதிர்ப்போர் பெரும்பாலும் துணைக்கழைப்பது யோன் ஸ்ருவாட் மில் என்னும் ஆங்கிலச் சிந்தனையாளரை. 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய தம் நூலிலே, பிறருக்குத் தீங்கு விளையாதிருக்கும் வரையில் ஒருவனுடைய நன்மைக்காகவேனும் அவனை வற்புறுத்தச் சமுதாயத்துக்கு உரிமையில்லை என்று அவர் வாதிட்டார். சீனாவுக்குள் அபின் வருவதைத் தடுப்பதுகூட வாங்குவோனின் சுதந்திரத்தில் தலையிடுவதே என்பது அவர் கருத்து.

ஆயின் அதே நூலில் மில் வேறொன்றையும் கூறுகின்றார். ஒருவன் தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளச் சுதந்திரம் இடங்கொடாது. சுதந்திரத்தைக் கைவிடுவதற்கான சுதந்திரம் சுதந்திரமன்று. மேலும், தம் கொள்கை முதிர்ந்த அறிவுடையோர்க்கே உரியது, சிறுவர்க்கு அன்று என்றும் அவர் வரையறுத்தார். ஹெரோயினுக்கு அடிமைப்பட்டவன் காலையில் எழுந்ததும் அதனையே தேடுகின்றான். அதனை உட்கொள்ளாதிருக்கும் தெரிவு அவனிடமிருந்து பறிபோய்விட்டது. மீன்பிடித் தொழிலாளி ஒருவன் வலையை விற்றுப் போதைப்பொருள் வாங்குவானாயின், அவ்வீட்டில் அன்று உலை ஏறாது. அத்தீங்கு அவனோடு நின்றுவிட்டது எனச் சொல்ல ஒருவராலும் இயலாது. ஆகவே சட்டம் இவ்விடயத்திலே தலையிடுவது தன்னளவிற் பிழையன்று.

பிழை நேரக்கூடியது தலையிடும் முறையிலேயாம். அடிமைப்பட்டவனை விடுவிக்கப் புறப்பட்ட சட்டம், அடிமைப்படாதவனின் சுதந்திரத்தையும் உடன் பறித்துவிடலாகாது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சட்ட நடைமுறைப்படியன்றி எவரையுங் கைதுசெய்தல் கூடாது என்றும், குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதி என்றும் 13ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் பல்லாயிரவர் கைதுசெய்யப்பட்டனர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை இடைநிறுத்தி மீளாயுமாறு கோரினர். 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் தூக்குத் தண்டனைக்கு ஜனாதிபதி ஒப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடுத்தது. 1976இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.

புனர்வாழ்விலும் இதே கேள்வி எழுகின்றது. போதைக்கு அடிமையானோரை மருத்துவப் பரிசோதனையின் பின், நீதவானின் கட்டளைப்படி சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 2022இல் கொணரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலமோ வேறு பல வகையினரையும் அடைத்துவைக்க இடந்தருவதாயிருந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தமையால், திருத்தப்பட்டே 2023இல் நிறைவேறியது.

வேறு நாடுகளின் அனுபவமும் ஒரு பாடந் தருகின்றது. போர்த்துக்கல் 2001இல் வணிகத்தைக் குற்றமாகவே வைத்துக்கொண்டு, சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருப்போரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அன்றி ஆலோசனைக் குழுக்களிடம் அனுப்பத் தொடங்கியது. தடை அங்கு நீங்கவில்லை. நோயாளியும் வணிகனும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டனர்.

சட்டம் கற்கவேண்டிய பாகுபாடு இதுவே. பெரும் பொருளீட்டுவோன் திரைமறைவில் இருக்க, அவன் சரக்கினால் உடல் மெலிந்த இளைஞன் மட்டும் சிறையில் இருப்பானாயின், அங்கே விலக்கு வெற்றி பெற்றதாகக் கொள்ளமுடியாது. வணிகனைத் தண்டிக்கட்டும், ஆனால் நியாயமான விசாரணையின் பின் தண்டிக்கட்டும். நோயாளியைக் கட்டாயப்படுத்த நேரினும் மருத்துவரும் நீதவானும் அதற்குப் பொறுப்பாகட்டும். போதையின் பிடியிலிருந்து மனிதனை மீட்பது, அவனை மீண்டும் சுதந்திர மனிதனாக்குவதற்கேயன்றோ?