நீர் சேர்ந்தால்தான் அமிலம்

உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் உலர்ந்த நீல லிட்மஸ் தாளைக் காட்டினால் தாள் நீலமாகவே இருக்கும். தாளை நனைத்துவிட்டுக் காட்டினால் உடனே சிவந்துவிடும். அமிலத்தின் குணத்தை வெளியே இழுத்து வருவது நீர்தான்.

அந்த வாயு நீரில் கரையும்போது, ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானைக் குளோரினிடம் விட்டுவிட்டு, வெறும் புரோட்டானாக ஒரு நீர் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. இது நேர்மின் கொண்ட ஹைட்ரோனியம் அயனி. மிஞ்சுவது எதிர்மின் கொண்ட குளோரைடு அயனி. இந்தக் கரைசல் மின்சாரத்தையும் கடத்தும். செம்புக் கம்பியில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். இங்கே சுமப்பவை இந்த அயனிகள். இதே வாயுவை டொலுயீனில் கரைத்தால் அயனிகள் உருவாவதில்லை, கரைசல் வழியே இணைத்த சோதனைப் பல்பும் எரிவதில்லை.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1884-இல் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் கரைசல்களின் மின்கடத்தல் பற்றிய ஆய்வேட்டைக் கொடுத்தபோது தேர்வாளர்கள் குறைந்த தரமே இட்டார்கள். மின்சாரம் செலுத்தாதபோதும் கரைசலில் அயனிகள் பிரிந்தே இருக்கின்றன என்ற கோட்பாடாக அவர் அதைப் பின்னர் வளர்த்தெடுத்தார். 1903-இல் வேதியியல் நோபல் பரிசு அந்தக் கோட்பாட்டுக்காகவே கிடைத்தது.

இதில் மிக அழகான பகுதி ஹைட்ரஜன் அயனியின் வேகம். 25 டிகிரி செல்சியஸ் நீரில் அது சோடியம் அயனியைவிட ஏறத்தாழ 7 மடங்கு திறமையாக மின்சாரத்தைக் கொண்டுசெல்கிறது. காரணம், ஒரே புரோட்டான் முழுத் தொலைவையும் கடக்க வேண்டியதில்லை. கட்டட வேலையில் வரிசையாக நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததற்கு ஒரு புரோட்டானைத் தர, அது தன்னிடமுள்ள வேறொன்றை அதற்கடுத்ததற்குத் தள்ளுகிறது. இப்படிக் கைமாறும் எண்ணத்தை குரோத்தஸ் என்ற இளைஞர் 1806-லேயே முன்வைத்தார்; நீரின் சரியான வாய்பாடுகூட அப்போது தெரியாது.

எல்லா அமிலமும் இப்படித் தாராளமாகப் பிரிவதில்லை. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் 0.1 மோலார் கரைசலில் சுமார் 1.3 சதவீதமே அயனியாகிறது. அதனால்தான் அதில் பல்பு மங்கலாக எரிகிறது.

இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இதே கணக்குதான். 98 சதவீத கந்தக அமிலத்தைவிட, நீர் கலந்த 30 சதவீத அமிலம் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.28 அளவில் இருக்கும். சார்ஜ் இறங்க இறங்க சல்ஃபேட் ஈயத் தகடுகளில் படிவதால் அதுவும் இறங்கும். மெக்கானிக் ஹைட்ரோமீட்டரில் பார்ப்பது இதைத்தான். நாளடைவில் பேட்டரியிலிருந்து குறைவது பெரும்பாலும் நீர் மட்டுமே. ஆகவே ஆசிட் ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆகாது; அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுத்துவிடும்.