போலியோ கிருமியே மருந்தாகுமா? மூளைப் புற்றுநோயில் இம்யூனோதெரபி அதிசயங்கள் தெரியுமா?

மூளையில் வரும் மிகக் கொடிய புற்றுநோய்களில் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சை, ரேடியேஷன், கீமோ மூன்றையும் கொடுத்தாலும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றரை ஆண்டைத் தாண்டுவதில்லை. இந்த நோயை நம் உடம்பில் ஓடும் நோய் எதிர்ப்புச் செல்களை வைத்தே மடக்கப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? படியுங்கள், சிலிர்த்துப் போவீர்கள்!

காய்ச்சல் கட்டியைக் கரைத்தது தெரியுமா?
நியூயார்க் டாக்டர் வில்லியம் கோலி ஓர் அபூர்வத்தைக் கவனித்தார். தோலில் கடுமையான கிருமித் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளிக்குப் புற்றுக்கட்டியே மறைந்துபோயிருந்தது! உடனே 1891இல் வேறொரு நோயாளியின் கட்டிக்குள் பாக்டீரியாவை வேண்டுமென்றே செலுத்தினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபிக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்!

மூளைக்கும் நிணநீர்ப் பாதை உண்டு தெரியுமா?
மூளை நோய் எதிர்ப்புச் சக்தி எட்டாத கோட்டை என்றுதான் பல காலம் நினைத்தார்கள். 2015இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் மூளை உறையில் நிணநீர் நாளங்களைக் கண்டார்கள். 2017இல் மனிதர்களுக்கும் அவை இருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது. பாடப்புத்தகமே மாறியது!

போலியோ வைரஸ் உயிர் காத்தது தெரியுமா?
அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் போலியோ வைரஸின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, சளி பிடிக்க வைக்கும் வைரஸின் துண்டைப் பொருத்தினார்கள். அதை மெல்லிய குழாய் வழியாக நேராகக் கட்டிக்குள் செலுத்தினார்கள். ஒருமுறை சிகிச்சை முடிந்து கட்டி மறுபடி வளர்ந்த 61 பேர் மருந்து பெற்றார்கள். 3 ஆண்டுக்குப் பிறகும் 21 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள்! முன்பு வேறு சிகிச்சை பெற்ற இதே போன்ற நோயாளிகளில் அது வெறும் 4 சதவீதம்.

வாயோரக் கொப்புளத்து வைரஸும் மருந்து தெரியுமா?
ஹெர்பிஸ் வைரஸின் மூன்று மரபணுக்களை மாற்றி, புற்றுச்செல்லில் மட்டும் பெருகும்படி செய்தார் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டொமோகி டோடோ. 2021இல் ஜப்பான் அதற்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. மூளைக் கட்டிக்கு அனுமதி பெற்ற உலகின் முதல் வைரஸ் மருந்து அது!

ஐந்தே நாளில் கட்டி சுருங்கியது தெரியுமா?
நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றுச்செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்துவதுதான் கார்-டி சிகிச்சை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2024இல் மூன்று பேரின் முடிவை வெளியிட்டது. ஒருவருக்கு ஒரே ஒரு முறை செலுத்திய ஐந்து நாளில் கட்டி ஏறக்குறைய மறைந்தது! இன்னொருவருக்கு 69ஆம் நாளில் 60 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தது. ஆனால் மூவரில் இருவருக்குக் கட்டி திரும்பவும் வளர்ந்தது. செல்களை உள்ளே அனுப்பத் தலைத்தோலுக்கு அடியில் வைத்த சிறு கருவி, இன்றைய பாகிஸ்தானில் பிறந்த டாக்டர் ஆயூப் ஓமாயா 1963இல் உருவாக்கியது!

குழந்தைகளுக்கும் ஒளிக்கீற்று தெரியுமா?
மூளைத்தண்டில் வரும் டி.ஐ.பி.ஜி. கட்டியை வெட்டி எடுக்கவே முடியாது. பெரும்பாலும் பிஞ்சுகளைத்தான் அது தாக்கும். ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் மிஷெல் மோன்ஜே குழுவினர் கார்-டி செல்கள் கொடுத்த 11 பேரில் 9 பேருக்குப் பலன் தெரிந்தது. நான்கு பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு ஸ்கேனில் கட்டியே இல்லை!

ஜிம்மி கார்ட்டர் 100 வயது வாழ்ந்தது தெரியுமா?
அமெரிக்க முன்னாள் அதிபரின் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் 2015இல் மூளைக்கும் பரவியது. அப்போது அவருக்கு 90 வயது! ரேடியேஷனோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் தரப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஸ்கேனில் புற்று தெரியவில்லை. நூறு வயதைக் கடந்து 2024 டிசம்பரில்தான் மறைந்தார்.

டாக்டரே முதல் நோயாளி ஆனது தெரியுமா?
மெலனோமா ஆய்வில் புகழ்பெற்ற ஆஸ்திரேலியர் ரிச்சர்ட் ஸ்கோலியருக்கு 2023இல் கிளியோபிளாஸ்டோமா. கட்டியை எடுக்கும் முன்பே பல இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்து ஏற்ற உலகின் முதல் கிளியோபிளாஸ்டோமா நோயாளி அவரே. 2025இல் நோய் திரும்பியது. ஆனால் அவர் துணிந்து திறந்த வழியில் ஆய்வு தொடர்கிறது.

பிறகு ஏன் எல்லோருக்கும் பலிக்கவில்லை தெரியுமா?
ஒரே கட்டிக்குள் பல வகைப் புற்றுச்செல்கள் இருக்கின்றன. ஒரு வகையை அழித்தால் மற்றது வளர்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்புச் செல்களையும் அடக்கிவிடுகிறது. கார்ட்டருக்குக் கொடுத்ததைப் போன்ற நிவோலுமாப் மருந்து, கிளியோபிளாஸ்டோமாவுக்கான பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை.

எனவே, வழக்கமான சிகிச்சையை யாரும் பாதியில் விட்டுவிட வேண்டாம். அதோடு, "எங்களுக்கு ஏற்ற மருத்துவப் பரிசோதனை எங்காவது நடக்கிறதா?" என்று புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். மேலே படித்த பெரும்பாலான வெற்றிகள், அப்படிக் கேட்டுத் துணிந்து சேர்ந்தவர்களால் கிடைத்தவையே!