கால்குலேட்டர் காட்டிய பிரஷர் 312!

வீட்டிலேயே பிரஷர் பார்க்கும் மெஷின் இப்போது தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். மூன்று முறை பார்த்து, சராசரி போட்டு, துண்டுச்சீட்டில் எழுதி எடுத்து வருகிறவர்களும் உண்டு. அந்தச் சராசரியில்தான் ஒரு சின்ன வில்லங்கம்!

மேல் அளவு 132, 138, 126 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கடை மேஜையில் இருக்கிறதே, அந்தச் சாதாரண கால்குலேட்டரில் 132 + 138 + 126 ÷ 3 = என்று தட்டினால் 132 வரும். சரியான விடை. அதையே உங்கள் செல்போனில் தட்டிப் பாருங்கள். 312! நல்லா இருக்கிறவருக்கும் படபடப்பு வந்துவிடும்.

எந்த மெஷின் பொய் சொல்கிறது? இரண்டுமே இல்லை. சாதாரண கால்குலேட்டர், தட்டத் தட்ட அப்போதைக்கப்போது கணக்கை முடித்துக்கொண்டே போகும். பிள்ளைகள் காலேஜுக்கு எடுத்துப்போகும் சயன்டிஃபிக் கால்குலேட்டரும், இன்றைய பெரும்பாலான செல்போன்களும் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டல் பிறகு என்று... அந்த விதிப்படி நடக்கும். அதனால் கடைசி 126-ஐ மட்டும் 3-ஆல் வகுத்து, 42-ஐக் கூட்டிவிட்டது.

உங்களிடம் இருப்பது எந்த ரகம்?

2 + 3 × 4 = என்று தட்டுங்கள். 20 வந்தால் சாதாரண ரகம். 14 வந்தால் மற்றது. எந்த ரகமானாலும் தப்பு வராமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். மூன்றையும் கூட்டியதும் = பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். 396 வரும். பிறகு ÷ 3 = தட்டுங்கள். எல்லாவற்றிலும் 132தான்.

எடை சரியா?

உடல் பருமன் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 64 கிலோ, 160 செ.மீ. என்றால் 64 ÷ 1.6 ÷ 1.6 = 25. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை. 25-ஐத் தொட்டால் பருமன். இரண்டாவது ÷ இருக்க வேண்டிய இடத்தில் × தட்டினால் பழைய 64-தான் திரும்பி வரும். 1.6-க்குப் பதில் 160 தட்டினால் 0.0025 வரும்!

புள்ளி நகர்ந்தால் ஆபத்து

குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் 180 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பாட்டிலில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. 180 ÷ 120 × 5 = 7.5 மில்லி. அதே மருந்து 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றும் விற்கிறது. அதில் 180 ÷ 250 × 5 = 3.6 மில்லி போதும். லேபிளைப் பார்க்காமல் பழைய கணக்கிலேயே ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். 7.5-ல் புள்ளி விட்டுப்போனால் 75!

எங்கள் சித்த மருத்துவத்திலும் அப்படித்தான். ஒரு குன்றிமணி எடை 130 மில்லிகிராம், அதாவது 0.13 கிராம். அதை 1.3 என்று தட்டினால் பத்து மடங்கு. பற்ப, செந்தூரங்களில் இந்த விளையாட்டே வேண்டாம். அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சதவீதப் பொத்தானை எல்லாக் கால்குலேட்டரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. 78 கிலோ உள்ளவர் 5 சதவீதம் குறைக்க வேண்டுமா? 78 × 0.05 = 3.9 கிலோ என்று போடுங்கள். அடுத்து, திரையின் ஓரத்தில் 'எம்' எழுத்து தெரிந்தால் பழைய எண் ஒன்று நினைவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, தட்டுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு உத்தேசக் கணக்கு போட்டுவிடுங்கள். மூன்று எண்ணும் 126-க்கும் 138-க்கும் நடுவில் இருக்கும்போது சராசரி மட்டும் எப்படி 312 ஆகும்? விடை அதற்கு ஒத்துவராவிட்டால் இன்னொரு தடவை தட்டுங்கள். மருந்துக் கணக்கு என்றால் வீட்டில் இன்னொருவரையும் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சந்தேகமா? மருந்தை ஊற்றாமல், டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்டுவிடுங்கள்.