பிடிப்பது பிரேக் ஆயில், விடுவது ரப்பர்

பைக்கில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வீடே பதறும். பிடித்த பிரேக் விடவில்லை என்றால்? கைப்பிடியிலிருந்து விரலை எடுத்த பிறகும் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கும். வண்டியைத் தள்ளினால் கனக்கும். கொஞ்ச தூரம் ஓடியதுமே டிஸ்க் கொதிக்கும். மெக்கானிக் அண்ணனிடம் காட்டினால் “காலிப்பர் ஜாம்” என்று சுருக்கமாக முடித்துவிடுவார். புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இரவும் பகலும் நிற்கும் வண்டிகளுக்கு இந்த நோய் சீக்கிரமே வரும். ஏன் என்று தெரிய, காலிப்பருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

முன் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வியபடி இருக்கும் உலோகக் கட்டிதான் காலிப்பர். அதற்குள் ஒரு பிஸ்டன். சில வண்டிகளில் இரண்டு. பிஸ்டன் வெளியே நகர்ந்தால் பிரேக் பேடுகள் டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெருக்கும். அதை நகர்த்துவது, கைப்பிடி அருகே உள்ள மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக வரும் திரவம்.

இதன் கணக்கைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். ஒரு வாயைவிட இன்னொரு வாய் நூறு மடங்கு பெரிதாக இருந்தால், சின்ன வாயில் ஒருவர் தள்ளுவது பெரிய வாயில் நூறு பேர் தள்ளுவதற்குச் சமம் என்று அவர் எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663-ல், அந்த நூல் அச்சானது. பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் வந்து குடியேறிய 1674-க்குப் பதினோரு ஆண்டு முன்பு!

நம் கணக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் விட்டம் 12 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 36 என்று வைத்துக்கொள்வோம். விட்டம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. ஆகவே விசையும் ஒன்பது மடங்கு. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தராது. மேலே பிஸ்டன் 9 மில்லிமீட்டர் நகர்ந்தால், கீழே 1 மில்லிமீட்டர்தான் நகரும். இந்த எண்களை மறக்காதீர்கள், கடைசியில் வேண்டும்.

இனிதான் புதிர். உங்கள் சைக்கிள் பிரேக்கை விட்டதும் அதைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. காலிப்பர் பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பின்னே யார் அதை உள்ளே இழுப்பது?

ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனைச் சுற்றி, காலிப்பர் சுவரில் வெட்டிய பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். கடையில் ஆயில் சீல் என்று கேட்டு வாங்குவார்கள். திரவம் கசியாமல் தடுப்பது மட்டுந்தான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் முன்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, மெல்ல நகர்த்திப் பாருங்கள். முதலில் தோலும் கூடவே வரும். தளர்த்தினால் விரலையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிடும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் விரல் வழுக்கி, புது இடத்தில் நிற்கும். ஆயில் சீலும் இப்படித்தான். பிஸ்டன் முன்னே போகும்போது அதைப் பற்றியபடி வளையும். அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தச் சின்ன இழுப்பே போதும், பேடு டிஸ்க்கை விட்டுவிடும். பேடு தேயத் தேய, பிஸ்டன் கொஞ்சம் வழுக்கி முன்னே வந்து நிற்கும். பிரேக்கை யாரும் ‘டைட்’ பண்ணத் தேவையில்லை. இத்தனை வேலையையும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி ஒப்படைத்தவரின் துணிச்சலை நினைத்தால் எனக்கு வியப்புத்தான்.

அந்த வளையத்துக்குப் பகை கடற்காற்று. காலிப்பர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். உள்ளே அரிப்பு தொடங்கி, வெள்ளைத் தூள் சேரும். இந்தத் தூள், அரிபட்ட அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும். பள்ளத்துக்குள் அது சேர்ந்தால், வளையத்தைப் பின்னாலிருந்து பிஸ்டன் மேல் நெருக்கும். வளைந்து நிமிர வளையத்துக்கு இடம் எங்கே? வெளிப்பக்கம் தூசியைத் தடுக்க டஸ்ட் சீல் என்று இன்னொரு வளையம் உண்டு. அது கிழிந்தால் உப்பும் மணலும் நேரே பிஸ்டனுக்கே போய்விடும்.

வீட்டில் அக்காவோ மாமாவோ காலிப்பரைப் பிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் பிரிக்காதீர்கள், இது உயிர் காக்கும் பாகம். பிஸ்டனை வெளியே எடுக்க, குழாயைக் கழற்றும் முன்பே கைப்பிடியை மெல்ல அழுத்தித் தள்ளுவதுதான் நல்ல வழி. பங்க்சர் கடைக் காற்றைப் பிடித்தால் பிஸ்டன் குண்டுபோலப் பாயும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். பழைய வளையங்களை எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பொறுமையாகச் சுரண்டி, வெள்ளைத் தூள் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் புது சீல் மட்டும் போடுவார்கள். சில வாரத்தில் மறுபடியும் ஜாம்! பிஸ்டனின் பளபளப்பில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, பிஸ்டனையே மாற்ற வேண்டும்.

பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவலாமா? கூடாது. பிரேக் சீல்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது உப்பிவிடும். பேருக்குத்தான் பிரேக் ஆயில். அது எண்ணெயே அல்ல, கிளைகால் வகைத் திரவம். அதே திரவத்தைத் தொட்டுத்தான் புது சீலைப் பொருத்துவார்கள். பெயின்டில் சிந்தினால் அது பெயின்டைக் கரைக்கும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினால் போதும் என்று விதியே இறங்கிவிடுகிறது. ஆளோடு சேர்த்து 220 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 30,000 ஜூல் வெப்பம் பிறக்கும். 100 மில்லி தண்ணீரை 27 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். நெரிசலில் திரும்பத் திரும்பப் பிடித்தால், அல்லது ஜாம் ஆன காலிப்பர் உரசிக்கொண்டே ஓடினால், அந்தச் சூடு திரவத்துக்கும் ஏறும். திரவம் கொதித்தால் குமிழி. குமிழி சுருங்கும், திரவம் சுருங்காது. அப்போது கைப்பிடி வெறுமனே உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள். பிரித்துப் பூட்டியதும் குழாயில் புகுந்த ஏரை எடுத்தே ஆக வேண்டும்.

எல்லாம் பூட்டி, ஏரும் எடுத்தாயிற்று. புது பேடுக்கு இடம்விட பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறார்கள். முதல் முறை கைப்பிடியை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. வேலை கெட்டுவிட்டதோ என்று மாமா முகம் வாடினால், நம் கணக்கைச் சொல்லுங்கள்: ஓர் அழுத்துக்கு மேலே 9 போனால் கீழே 1. பிஸ்டன் கடக்க வேண்டிய இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால் எத்தனை அழுத்து வேண்டும்? குறைந்தது நான்கு. ஒவ்வொரு முறையும் வளையம் கொஞ்சம் பின்னால் இழுக்கும், ஆகவே ஐந்தோ ஆறோ ஆகலாம். கைப்பிடி கெட்டியாகும்வரை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்க விடாதீர்கள்.