பேரரசு எப்போது சரிந்தது? காஞ்சிக் கல்வெட்டுகளில் 'யாண்டு' சொல்லும் கதை

பட்டுச் சேலை எடுக்க காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் காந்தி ரோடு கடைகளோடு திரும்பிவிடுவார்கள். அந்தச் சேலைகளில் பலவற்றை நெய்யும் பிள்ளையார்பாளையம் ஊரின் மேற்குப் பக்கம் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிப் போனால் கைலாசநாதர் கோயில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது.

சிற்பங்களை போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அங்கே உள்ள எழுத்துகளைக் கவனிப்பதில்லை. பல்லவனின் பட்டப்பெயர்கள், காஞ்சிக்குள் படையோடு வந்த சாளுக்கியன் விக்ரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு, அப்புறம் சோழர்கள், கடைசியில் விஜயநகரத்து ஆட்கள். ஒரே கோயிலில் ஏறக்குறைய ஆறரை நூற்றாண்டு டைம்லைன். ஒரு பேரரசு சரியும்போது அதன் கீழே இருந்த சின்ன அரசுகள் எப்படி விடுபட்டன என்ற கேள்விக்கு இந்த ஊரை வைத்தே பதில் தேடலாம்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 'தேசம்', 'சுதந்திரம்' எல்லாம் இன்றைய அர்த்தத்தில் 9-ம் நூற்றாண்டில் கிடையாது. ஆனால் மேலே ஒரு பெரிய ராஜா, கீழே திறை கட்டும் சிற்றரசர்கள், மேலே இருப்பவர் தளரும் நேரத்துக்காகக் காத்திருப்பது... இதெல்லாம் அன்றும் இருந்தது.

யாருடைய ஆண்டு?

அன்று எல்லாருக்கும் பொதுவான காலண்டர் புழக்கம் குறைவு. இன்ன ராஜா பட்டத்துக்கு வந்து இத்தனையாவது வருஷம் என்றுதான் தமிழ்க் கல்வெட்டுகளில் தேதி போடுவார்கள். 'இன்னாருக்கு யாண்டு இத்தனை' என்று ஆரம்பிக்கும். அந்தப் பெயர் யாருடையதோ, அவர்தான் பாஸ்.

ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் இதற்கு நல்ல உதாரணம். மாடு பிடிக்க வந்த படையை எதிர்த்துச் செத்த வீரர்களுக்கு நட்ட கற்கள். அந்த வட்டாரத்தை ஆண்டது கங்க அரசன் பிருதிவிபதி. ஆனால் கல்லில் தேதி பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26-ம் ஆண்டு என்று இருக்கிறது. ஊரும் சண்டையும் செத்த ஆளும் கங்கனுடையவை. ஆண்டு மட்டும் காஞ்சியில் இருப்பவருடையது.

சோழர்களும் இதே வரிசையில்தான் நின்றார்கள். 850 வாக்கில் விஜயாலய சோழன் முத்தரையரிடமிருந்து தஞ்சாவூரைப் பிடித்தான். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் 'பிற்காலச் சோழப் பேரரசின் தொடக்கம்' என்று படிக்கிறோம். அன்று காஞ்சியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெற்கே இரண்டு சிற்றரசர்களுக்குள் நடந்த சண்டை, அவ்வளவுதான்.

விரிசல் எங்கே விழுந்தது?

பல்லவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. வடக்கே சாளுக்கியர், அவர்கள் போனதும் ராஷ்டிரகூடர். தெற்கே பாண்டியர். ஒவ்வொரு சண்டைக்கும் சிற்றரசர்களின் படை தேவைப்பட்டது. படை தருகிறவர்களுக்கு நிலம், பட்டம், பெண் கொடுத்து உறவு என்று ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேரரசைக் காப்பாற்றக் கொடுத்தவையே அதன் கீழே இருந்தவர்களை வளர்த்துவிட்டன.

885 வாக்கில் கும்பகோணம் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் நடந்த போரில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் பாண்டியன் வரகுணன். எதிர்ப்பக்கம் பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாக கங்கன் பிருதிவிபதி, விஜயாலயனின் மகன் ஆதித்த சோழன். ஆம்பூர்க் கற்களில் வரும் அதே பிருதிவிபதி இங்கே உயிரை விட்டான். பாண்டியன் தோற்றான். பேப்பரில் வெற்றி பல்லவனுக்கு. லாபம் சோழனுக்கு.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஆதித்தன் தன் எஜமான் மேலேயே பாய்ந்தான். அபராஜிதன் கொல்லப்பட்டதைச் சோழர்களின் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையாகச் சொல்கிறது. யானை மேல் இருந்த பல்லவனை ஆதித்தன் பாய்ந்து கொன்றதாக கன்னியாகுமரிக் கல்வெட்டு இன்னும் சினிமாத்தனமாகச் சொல்கிறது. அது நடந்து சுமார் 170 வருஷம் கழித்து வீரராஜேந்திரன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் தில்லைஸ்தானத்துக் கல்வெட்டில் 'தொண்டைநாடு பாவின சோழன்' என்று ஒரு பட்டம் வருகிறது. தொண்டைநாடு முழுக்கப் பரவியவன் என்று பொருள். 'பாவு' என்றதும் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் தறியில் நீளவாக்கில் விரியும் நூல்தான் நினைவுக்கு வரும். விரிப்பது, பரப்புவது எல்லாம் அதே வேர்ச்சொல்தான்.

அதன் பிறகு கைலாசநாதர் கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளில் 'கோப்பரகேசரி' போன்ற சோழப் பட்டங்களின் யாண்டுதான் வருகிறது. பல்லவன் கட்டிய கோயில், சோழனின் ஆண்டு.

முதலில் கடிகாரம், அப்புறம் கொடி

யாருடைய நேரத்தைக் குறிப்பது என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சோவியத் யூனியனை எடுத்துக்கொள்வோம். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 1940-ல் அதற்குள் இழுக்கப்பட்டதும் அவற்றின் கடிகாரங்களும் மாஸ்கோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. 1989 மார்ச்சில் அவை மாஸ்கோ நேரத்தைக் கைவிட்டன. லிதுவேனியா சுதந்திரத்தை அறிவித்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1990 மார்ச் 11-ல். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லை. கிரெம்ளினில் செங்கொடி இறங்குவதற்கு இரண்டே முக்கால் வருஷம் முன்பே வில்னியஸில் சுவர்க் கடிகாரம் பேசிவிட்டது.

ஒரு வித்தியாசம் உண்டு. பால்டிக் நாடுகளில் மக்கள் தெருவில் கைகோத்து நின்றார்கள். 9-ம் நூற்றாண்டுத் தொண்டைநாட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

சரி, மத்தவங்களுக்கு என்ன ஆச்சு?

பல்லவர் சரிவு எல்லாச் சின்ன அரசுக்கும் விடுதலையாக முடியவில்லை. பல்லவர்களுக்குக் கீழே இருந்த பாணர்களை ஆதித்தனின் மகன் பராந்தகன் அடித்து நொறுக்கி, அவர்கள் பட்டமான 'பாணாதிராஜன்' என்பதைத் தூக்கித் தன் பக்கம் நின்ற கங்கன் இரண்டாம் பிருதிவிபதிக்குக் கொடுத்தான். முத்தரையர் தஞ்சாவூரை இழந்தது இழந்ததுதான். ஒருவருக்குக் கிடைத்த விடுதலை பக்கத்து வீட்டுக்காரருக்குப் புது எஜமானாக வந்து நின்றது.

காஞ்சியின் நெசவாளர்கள் கதை வேறு மாதிரி. தலைநகரம் கைமாறினாலும் துணி நெய்கிறவன் எல்லா ராஜாவுக்கும் வேண்டும். உத்தம சோழனின் 16-ம் ஆண்டுச் செப்பேடு, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, காஞ்சியின் ஊரகம் கோயில் நிர்வாகத்தை அந்நகரின் நான்கு நெசவாளர் சேரிகளில் வாழ்ந்தவர்களிடம் ஒப்படைத்ததைச் சொல்கிறது. பல்லவர் போய் நூறு வருஷம் ஆகவில்லை. தறிக்காரர்கள் கையில் கோயில் கணக்கு. புது ஆட்சி ஊரில் வேர் பிடிக்க யாரைப் பிடிக்க வேண்டும் என்று சோழர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வரியும் கூடவே வந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'தறி இறை' உண்டு. விஜயநகர காலத்திலும் தறிக்கு வரி உண்டு.

அதே படம், ரீமேக்

சோழர்கள் செய்ததையே சோழர்களுக்கும் செய்தார்கள். 13-ம் நூற்றாண்டில் பாண்டியர்கள் எழ, சோழர்களின் கீழிருந்த காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் 1231-ல் மூன்றாம் ராஜராஜனையே பிடித்து சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். இவன் தன்னைப் பல்லவர் வம்சம் என்று சொல்லிக்கொண்டவன்! ஹொய்சளப் படை வந்துதான் சோழனை மீட்டது. அந்த மீட்பைச் சொல்லும் திருவந்திபுரக் கல்வெட்டு ராஜராஜனின் ஆட்சி ஆண்டிலேயே தேதியிடப்பட்டிருக்கிறது. ராஜா சிறையில் இருந்தாலும் அவர் பெயரில் ஆண்டு ஓடியது.

கோப்பெருஞ்சிங்கன் தன் சொந்த ஆண்டைக் கணக்கிடத் தொடங்கியது 1243-ல். ராஜாவைப் பிடித்தவனே பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான்.

காஞ்சி அந்த நூற்றாண்டில் நெல்லூரின் தெலுங்குச் சோழர், காகதீயர், பாண்டியர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. 1279-க்குப் பிறகு சோழ மன்னன் பெயரே கல்வெட்டுகளில் இல்லை. 14-ம் நூற்றாண்டில் பாண்டியரும் சரிய, படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர்கள் தனி அரசானார்கள். ஒரு காலத்தில் சோழர்களின் சிற்றரசர்கள். இப்போது 'சகலலோக சக்கரவர்த்தி' என்று பட்டம். பெயர் பெரிது, நாடு சிறிது. 1360-களில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் வந்து அதையும் முடித்தான். அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற சம்ஸ்கிருதக் காவியத்தில் அந்தப் படையெடுப்பைப் பாடியிருக்கிறாள்.

கம்பணனின் ஆட்கள் கைலாசநாதர் கோயிலிலும் ஒரு கல்வெட்டு விட்டுப் போனார்கள். குலோத்துங்க சோழன் காலத்தில் இந்தக் கோயிலை மூடி, அதன் நிலத்தைப் பக்கத்தில் உள்ள அனேகதங்காவதம் கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது பூஜையும் நிலமும் திரும்பத் தரப்படுகின்றன என்கிறது அது. தேதி, சக ஆண்டு 1286.