சில்கோசா – இமயமலையின் பைன் பருப்பு

பைன் மரம் என்றதும் பெட்டி செய்ய உதவும் மரமும், பிசினும்தான் பலருக்கும் நினைவிற்கு வரும். ஆனால் அதன் விதையை உணவாக உண்ணும் பழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. இத்தாலியிலும், கொரியாவிலும், அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட பகுதிகளிலும் வெவ்வேறு பைன் இனங்களின் விதைகள் பருப்பாக உண்ணப்படுகின்றன. நம் நாட்டில் இவ்வாறு பயன்படுவது 'சில்கோசா' எனப்படும் பைன் ஆகும். இதன் தாவரவியல் பெயர் பைனஸ் ஜெரார்டியானா. இமாச்சலப் பிரதேச மக்கள் இதனை 'நியோசா' என்றும் அழைக்கின்றனர்.

வளரும் இடம்

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைப்பகுதிகளிலும், இந்தியாவில் பெரும்பாலும் இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர், சம்பா மாவட்டங்களிலும் இம்மரம் இயற்கையாக வளர்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், பருவமழை எட்டாத வறண்ட மலைச்சரிவுகளே இதற்கு ஏற்றவை. குளிர்காலப் பனி உருகித் தரும் ஈரத்தைக் கொண்டு பாறை இடுக்குகளிலும் வேரூன்றி வாழ்கிறது. வளர்ச்சி மிக மெதுவானது. பட்டை ஏடு ஏடாக உரிந்து, தண்டு பல நிறத் திட்டுகளுடன் காணப்படும்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணப்படும் பைன் மரங்கள் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து நடப்பட்ட வேறு இனங்கள். அவற்றின் விதை மிகச் சிறியது, பருப்பாகப் பயன்படாது.

காயும் விதையும்

பைன் மரத்தில் சதைப்பற்றுள்ள கனி கிடையாது. மரம் போன்ற செதில்கள் அடுக்கடுக்காக அமைந்த கூம்புகளே இதன் காய்கள். செதிலின் உட்புறத்தில் விதைகள் இருக்கும். விதை சுமார் 2 செ.மீ. நீளமுள்ளது. பல பைன் இனங்களின் விதைகள் இறகு பெற்றுக் காற்றில் பறந்து பரவும். சில்கோசா விதைக்கு அவ்வாறு பறக்கும் இறகு இல்லை. எனவே மரத்தடியில் விழும் விதைகளிலிருந்தும், பறவைகளும் சிறு பிராணிகளும் எடுத்துச் சென்று விட்டுவிடும் விதைகளிலிருந்தும்தான் புதிய கன்றுகள் தோன்ற வேண்டும். கூம்பு முதிர்வதற்கு இரண்டு ஆண்டுக் காலம் பிடிக்கும் என்பதை இங்கு முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும்.

அறுவடை

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை நடைபெறுகிறது. கூம்பு மரத்திலேயே விரிந்துவிட்டால் விதைகள் உதிர்ந்து, பறவைகளுக்கும் எலிகளுக்கும் இரையாகிவிடும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுகின்றனர். ஆண்கள் மரத்திலேறி, துறட்டி போன்ற நீண்ட கழியால் கூம்புகளை இழுத்துத் தள்ளுவர். செங்குத்தான சரிவுகளில் இது ஆபத்தான வேலையாகும்.

பறித்த கூம்புகளில் பிசின் மிகுதியாக இருக்கும். அவற்றைக் குவித்து வைத்து வெயிலில் உலர்த்தினால் செதில்கள் விரியும். பின்னர் கழியால் அடித்து விதைகளைப் பிரித்து, தூற்றிச் சுத்தம் செய்து, மீண்டும் காயவைத்து விற்பனைக்கு அனுப்புகின்றனர்.

உணவுச் சிறப்பு

பருப்பில் சுமார் 50 விழுக்காடு கொழுப்புச் சத்தும், 14 விழுக்காடு புரதச் சத்தும் உள்ளன. 100 கிராம் பருப்பு சுமார் 600 கலோரி வெப்ப ஆற்றல் தரும். எனவே கடுங்குளிர்ப் பகுதி மக்களுக்கு இது சிறந்த குளிர்கால உணவு. விதையை ஓட்டுடன் இளஞ்சூட்டில் வறுத்து, மெல்லிய ஓட்டை நீக்கி உண்பர். பாயசம், புலவு, இனிப்பு வகைகளிலும் சேர்ப்பதுண்டு. கின்னோரில் விருந்தினருக்குச் சில்கோசா விதைகளைக் கோத்த மாலை அணிவித்துச் சிறப்புச் செய்யும் வழக்கமும் உண்டு.

எண்ணெய் மிகுந்திருப்பதால் ஓடு நீக்கிய பருப்பு விரைவில் காறல் வாடை அடையும். ஆகவே ஓட்டுடன், காற்றுப்புகாத கலத்தில், குளிர்ந்த இடத்தில் சேமிப்பது நல்லது.

எதிர்நோக்கும் ஆபத்து

இக்காடுகளில் பழைய மரங்கள் நிற்கின்றன. ஆனால் இளங்கன்றுகள் அரிதாகவே காணப்படுகின்றன. நல்ல விலை கிடைப்பதால் ஏறத்தாழ எல்லாக் கூம்புகளும் பறிக்கப்படுகின்றன. மண்ணில் விழ விதை எஞ்சுவதில்லை. தப்பி முளைக்கும் கன்றுகளையும் ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன.

இரண்டாவது தீங்கு, கூம்போடு கிளையையும் முறிப்பது. முதிர்ந்த கூம்பு உள்ள கிளையின் நுனியில்தான் அடுத்த ஆண்டு முதிர வேண்டிய இளங்கூம்பும் இருக்கும். கிளையை முறித்தால் இரண்டு ஆண்டு விளைச்சல் ஒரே நாளில் கையை விட்டுப் போகிறது. சேகரிக்கும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு. ஆனால் அது ஓராண்டுக் குத்தகையாகப் பிறர் கைக்குப் போகும் இடங்களில், அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மரத்தை அச்சுறு நிலையை நெருங்கிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு காட்டிலும் சில நல்ல மரங்களை விதைக்காகப் பறிக்காமல் விட வேண்டும்.
2. கிளையை முறிக்காமல் கூம்பை மட்டும் பறிக்க வேண்டும்.
3. கன்றுகள் தோன்றும் பகுதிகளைச் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலிலிருந்து காக்க வேண்டும்.
4. நாற்றங்காலில் கன்றுகள் வளர்த்து, வெற்றிடங்களில் நட வேண்டும்.

விதை நெல்லை எடுத்து வைக்காமல் எந்த உழவரும் களத்தைக் காலி செய்வதில்லை. காட்டு விளைபொருளுக்கும் அதே விதிதான். மலையில் நெல்லிக்காயும் கடுக்காயும் சேகரிப்போரும், கிளையைக் காத்து, ஒரு பங்கை மரத்திலேயே விட்டுவந்தால், பலன் தலைமுறைக்கும் நிலைக்கும்.