உயிரணுவின் தன்னுண்ணல்

உணவு கிடைக்காத வேளையில் உயிரணு தன் உட்பொருள்களுள் ஒரு பகுதியையே உண்டு உயிர் தரிக்கிறது. பழுதுற்ற பகுதிகளையும் உருக்குலைந்த புரதங்களையும் ஒரு மென்பை வளைத்து மூடிக்கொள்கிறது. அப்பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் சிற்றறையுடன் கலக்கிறது. உள்ளே சென்றவை சிதைந்து, மீண்டும் பயன்படும் மூலப்பொருள்கள் ஆகின்றன. 1955-இல் லைசோசோமுக்குப் பெயரிட்ட பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், 1963-இல் இந்நிகழ்ச்சிக்கு ‘ஆட்டோஃபேஜி’ எனப் பெயர் சூட்டினார். தன்னுண்ணல் என்று நாம் அதனைக் கூறலாம்.

பெயர் கிடைத்தும், இதனை நடத்தும் புரதங்கள் யாவை என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. பை தோன்றிச் சிறிது நேரத்திலேயே கரைந்துவிடுகிறதன்றோ? ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஒசுமி ஓர் உபாயம் கண்டார். செரிமான நொதிகள் குறைவுற்ற ஈஸ்ட் வகையை அவர் பட்டினியிட்டார். பைகள் வந்தன, கரைய வழியின்றிக் குவிந்தன. நுண்ணோக்கியில் அவை புலப்பட்டன. 1993-இல் இச்செயலுக்கு இன்றியமையாத 15 ஜீன்களை அவர் குழு இனங்கண்டது. 2016-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மனிதன் முதலிய பாலூட்டிகளின் உயிரணுக்களில் இப்பைக்கு அடையாளமாக நிற்பது எல்.ஸி.-3 என்னும் புரதம். இதனை 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இப்புரதம் இரு வடிவங்களில் உள்ளது. முதல் வடிவம் உயிரணுவின் நீர்மத்தில் தனித்து உலவும். இரண்டாவது, ஒரு கொழுப்பு மூலக்கூறுடன் பிணைந்து பையின் சுவரில் ஒட்டியிருக்கும். இரண்டாம் வடிவம் மிகுந்தால் பைகளும் மிகுந்துள்ளன என்று கொள்ளலாம்.

இவ்விரண்டையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிவது எங்ஙனம்? உயிரணுக்களைச் சிதைத்துப் புரதக் கரைசல் எடுப்பர். சவர்க்காரத்தை ஒத்த ஒரு பொருளைச் சேர்த்து, கூழ்ப்பலகை ஒன்றில் இட்டு மின்சாரம் பாய்ச்சுவர். புரதங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடித் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். கொழுப்பைச் சுமக்கும் இரண்டாம் வடிவம் எடையில் மிகுந்ததாயினும் வேகமாக ஓடும் என்பது வியப்பு. பிறகு பட்டைகளை ஒரு மென்தாளுக்கு மாற்றி, எல்.ஸி.-3-ஐ மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைத் தடவி, ஒளியினாலோ நிறத்தினாலோ அவற்றைப் புலப்படச் செய்வர். ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்பது இம்முறையின் பெயர்.

இங்கேதான் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நெல் அரவை ஆலையின் வாசலில் வண்டிகள் நிறைந்து நிற்பதைக் காண்கிறோம். விளைச்சல் மிகுந்து வண்டிகள் பெருகியிருக்கலாம். ஆலை நின்றுபோனதால் அவை தேங்கியும் இருக்கலாம். வண்டிகளை எண்ணுவதால் மட்டும் காரணம் விளங்காது. எல்.ஸி.-3-இன் இரண்டாம் வடிவம் மிகுவதும் அத்தகையதே. தன்னுண்ணல் விரைந்தாலும் அது மிகும். லைசோசோம் செயலிழந்தாலும் மிகும்.

ஆதலின் ஆய்வாளர் தாமே ஆலையை நிறுத்திப் பார்க்கின்றனர். லைசோசோமைத் தடுக்கும் பாஃபிலோமைசின் என்னும் பொருளைச் சில மாதிரிகளில் சேர்த்து, சேர்க்காத மாதிரிகளுடன் ஒப்பிடுகின்றனர். சேர்த்தபின் பட்டை மேலும் அடர்ந்தால் பைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது துணிபு. மாற்றம் இல்லையேல் ஓட்டம் முன்பே தடைப்பட்டிருந்தது எனக் கருத இடமுண்டு. பி-62 என்னும் புரதம் மற்றொரு சாட்சி. கழிவைப் பைக்குள் கொண்டு சேர்க்கும் இது, தானும் உடன் செரிக்கப்படும். ஓட்டம் தடைப்பட்டால் தேங்கும். ஆயினும் உயிரணு அதனைப் புதிதாக மிகுதியாக ஆக்குவதும் உண்டாதலால், இந்த ஒரு சாட்சியை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது.

நேயர்களே, இது வெறும் நுணுக்கம் அன்று. மலேரியாவுக்கு நாம் அறிந்த குளோரோக்வின் மருந்தும் லைசோசோமைத் தடுப்பதே. அதனை உயிரணுக்களுக்கு இட்டால் பட்டை அடர்ந்து தோன்றும். பட்டையை மட்டும் கண்டவர் அம்மருந்து தன்னுண்ணலைத் தூண்டுகிறது என்று நேர்மாறாக முடிவு செய்வர். நரம்பணுக்களில் உருக்குலைந்த புரதங்கள் தேங்கும் நோய்களில் கழிவகற்றலைப் பெருக்கும் மருந்துகளைத் தேடுகின்றனர். புற்றுநோய் அணுக்கள் சில தன்னுண்ணலால் பிழைப்பதால், அங்கே அதனைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்கின்றனர். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது நோயாளிக்குத் தீங்காக முடியலாம். எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதோடு, எவ்வளவு ஓடுகிறது என்றும் அளந்த பின்னரே ஒரு மருந்தைப்பற்றி முடிவு கூறுதல் தகும்.